மூட்டைகள் கட்டிய வெண்பா

செய்யுள் பாடம் என்றதும் உன் வகுப்புப் பையன்கள் பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள், எதைச் சொன்னாலும் சுவரைப் பார்க்கிறார்கள், என்ன செய்வது அப்பா என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தவர்களில் நீயும் ஒருவன். மதியம் களி தின்ற வயிறோடு, தகரக் கூரை காய்கிற சூட்டில், வாய் ஓரம் எச்சில் வழியத் தூங்குவாய். நான் பெற்ற பிள்ளையையே என்னால் எழுப்ப முடியவில்லை. பிறகு எப்படி எழுந்தீர்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ அறிந்தது வகுப்பறைக்குள் நடந்த பாதி மட்டும். தலைமையாசிரியர் அறையில் நடந்த மீதியை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது நீயே சாக்பீஸ் பிடித்துவிட்டாய், சொல்லலாம். இதில் பொறுமை, அன்பு, மன்னிப்பு என்று நல்ல பிள்ளைகளுக்கான புத்திமதி எதையும் எதிர்பார்க்காதே. எனக்கு அந்த மனிதர் மேல் அன்றும் ஆத்திரம், இன்றும் ஆத்திரம்.

அந்தக் காலத்தில் தமிழாசிரியன் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்று நீ வீட்டில் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாய். ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலி குறைந்தால் எழுந்து நிற்க வேண்டியவன் நான். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பை மேய்க்க வேண்டியவனும் நான். நம் தலைமையாசிரியர் ஆங்கிலம் நடத்துகிறவர். நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெரிய பண்ணைக் குடும்பம், மடிப்புக் கலையாத கோட்டு, வாயைத் திறந்தால் இங்கிலீசு. ஒருமுறை பள்ளி ஆய்வாளர் வந்தபோது நான் பலகையில் வெண்பா ஒன்றை எழுதிப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வந்து, பையன்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இவருக்கு இதாங்க வேலை. செய்யுளால ஆகப்போறது ஒண்ணுமில்லீங்க, பசங்க சத்தம் போடாம இருந்தாச் சரி" என்றார். ஆய்வாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

என்னை மட்டும் இழிவுபடுத்தியிருந்தால் விழுங்கியிருப்பேன் என்று சொல்லமாட்டேன், விழுங்கியிருக்க மாட்டேன். ஆனால் அவர் உங்களையும் தொட்டார். அப்போது பள்ளியிறுதியாக இருந்த பதினோராம் வகுப்பை ஏ, பி என்று பிரித்து, படிக்கிறவர்களை ஏ பிரிவிலும், மலையிலிருந்து இறங்கி வருகிறவன், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவன், அறுப்புக் காலத்தில் பள்ளிக்கு வராதவன், இவர்களோடு உன்னையும் பி பிரிவில் போட்டார். உனக்குக் கணக்கு வராது என்பது காரணம். தமிழ் வாத்தியார் மகன் என்பது இன்னொரு காரணம். உங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் மூட்டை. "எந்திரிங்கடா மூட்டைங்களா" என்றுதான் வகுப்புக்குள் நுழைவார். பள்ளித் தேர்வு முடிந்ததும் பி பிரிவில் ஒருவர் பெயரையும் அரசுத் தேர்வுக்கு அனுப்புவதில்லை என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். மூட்டைகள் எழுதாவிட்டால் பள்ளியில் எழுதியவன் எல்லாம் தேறியவன் ஆகிவிடுவான், ஊரில் அவருக்குப் பேர் கிடைக்கும். உங்கள் ஒரு வருடம் போனால் அவருக்கென்ன? பலருக்கு அந்த வருடத்தோடு படிப்பே போய்விடும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

மாதையனை அவர் அடித்த நாள் உனக்கு மறந்திருக்காது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து சத்திரத்தில் தங்கிப் படித்தானே, அந்த மாதையன். நான் செய்யுள் நடத்த, அவன் குறட்டையே விட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் போன தலைமையாசிரியர் உள்ளே வந்தார். பிரம்பை என் கையில் கொடுத்து, "அடிங்க" என்றார். நான் வாங்கவில்லை. அவரே அடித்தார். அடித்து முடித்துவிட்டு, "நீ பரீட்சையே எழுதப் போறதில்லே, உனக்கு எதுக்குடா செய்யுள்? இவருக்கும் எதுக்கு?" என்று என் பக்கம் பிரம்பை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். மாதையன் அழவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் ஒருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. அத்தனை மாதத்தில் முதல்முறையாக நீங்கள் எல்லோரும் ஒருசேர விழித்திருந்தீர்கள். அதைக் கண்டுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அறம் பாடுவதைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காலத்துப் புலவர்கள், தங்களை அவமதித்தவன் பெயரை வைத்துப் பாட்டுப் பாடினால், பாடப்பட்டவன் குடி கெடும், உயிரே போனாலும் போகும் என்று நம்பியிருந்ததைச் சொன்னேன். மாதையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நெசங்களா ஐயா?" என்றான். "பெரியவங்க நெசம்னுதான் சொல்லியிருக்காங்க" என்றேன். "நாம பாடுனாலும் பலிக்குங்களா?" என்றான். "பலிக்கும். ஆனா வெண்பாவுல பாடணும். ஒரு சீர் இடறினாலும் பாடினவன் தலைமேலயே திரும்பி விழும்" என்றேன். கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. எந்த நூலிலும் நான் அப்படிப் படித்ததில்லை. ஆனால் சொல்லி முடித்த உடனே பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, "வெண்பான்னா என்னங்கய்யா?" என்று கேட்டான் பார், வாத்தியார் வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் தானாகக் கேட்டதில்லை.

உன் வகுப்புக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நிலாவைப் பற்றி எழுது, மழையைப் பற்றி எழுது என்று சொல்லாதே. நிலாவோடு அவர்களுக்கு ஒரு தகராறும் இல்லை. யார் மேல் கோபம் என்று கேள். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டிலும் சந்தையிலும் கேட்ட நல்ல வசவு ஒன்றை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னேன். கன்னடத்தில் வந்தது, தெலுங்கில் வந்தது, சில வசவுகளைப் பலகையில் எழுத முடியாமல் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவற்றைத் தமிழில் போட்டு, பெஞ்சில் தட்டிப் பார்த்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வந்தால் ஓசை இடறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். வெண்பாவில் ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் எப்படித் தொடங்கலாம், எப்படித் தொடங்கக் கூடாது என்பதற்குத் தளை என்று ஒரு கணக்கு உண்டு. கணக்கு வராத நீ அந்தக் கணக்கை விரல் மடக்கிப் போட்டாய். ஒருநாள் மாதையன் நொண்டிக்கொண்டு வந்தான். என்னடா என்றால், "நேத்து கட்டுன பாட்டுல தளை தட்டிருச்சுங்கய்யா, ஓடையில சறுக்கி உழுந்துட்டேன்" என்று பெருமையோடு சொன்னான். அதற்குப் பிறகு ஒருவனும் தப்பு விடவில்லை.

உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நீ சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரல் மடக்குவதைப் பார்த்துவிட்டு, "ஒரு மனுசன் கெட்டுப்போவணும்னு புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றீங்களே, வெளங்குமாங்க இது?" என்று சண்டை பிடித்தாள். "நீ பேசாம இரு, பையன் படிக்கிறான்ல" என்றேன். படித்தாய், அது பொய்யில்லை. பாடப்புத்தகத்தில் இருந்த பாட்டுகளை எல்லாம் நீங்கள் திருட்டுப் பொருளைத் தேடுகிறவர்கள் மாதிரி புரட்டினீர்கள். இந்தப் புலவன் எப்படித் திட்டியிருக்கிறான், அவன் எப்படி இடித்துக் காட்டியிருக்கிறான் என்று எனக்கே கொண்டுவந்து காட்டினீர்கள். திட்டு இல்லாத பாட்டையும் இருக்குமோ என்று கடைசி வரி வரைக்கும் படித்தீர்கள். ஏ பிரிவுக்காரர்கள் அப்போதும் பொழிப்புரையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

விஷயம் அவர் காதுக்குப் போனது மாதையனால்தான். ஆங்கில வகுப்பில் அவன் விரல் மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னடா எண்றே?" என்று கேட்டிருக்கிறார். "வெண்பாங்க சார்." "யாருக்குடா வெண்பா?" "உங்களுக்குத்தானுங்க சார்." அவன் சொன்ன விதத்தை நீ வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் அன்றைக்கு அவனை அடிக்கவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டாய். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தகப்பனார் ஒரு குத்தகைக்காரரின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். அந்தக் குத்தகைக்காரரின் மனைவி அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அந்த வருடமே தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று நல்லம்பள்ளிப் பக்கம் எல்லோரும் பேசுவார்கள். கோட்டுக்கும் இங்கிலீசுக்கும் அடியில் அந்த மண் இன்னும் அவருக்குள் கிடந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அறம் பாடுவதைக் கையில் எடுத்தேன்.

மறுநாள் என்னை அறைக்கு அழைத்தார். முதல்முறையாக உட்காரச் சொன்னார். "என்ன தமிழய்யா, பசங்க என்னமோ எம்மேல பாட்டு கட்டறாங்களாம்" என்றார். "ஆமாங்க. நல்லாவே கட்டறாங்க. இன்னும் ஒரு எடத்துலதான் இடிக்குது" என்றேன். "படிச்ச மனுசன் பண்ற வேலையா இது? இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா?" என்றார். "நான் நம்பறது இருக்கட்டுங்க. செய்யுளால ஆகப்போறது ஒண்ணுமில்லேன்னு நீங்கதான சொன்னீங்க. அப்புறம் எதுக்குங்க கவலை?" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். எனக்கு அந்த அறையை விட்டு எழுந்திருக்கவே மனமில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் உனக்குத் தெரியாதது. குரலைத் தாழ்த்தி, "சரி, உங்க பையன் பேரை மட்டும் சேர்த்து அனுப்பிடறேன். அவன் எழுதட்டும். மத்தவனுங்களை நீங்க அடக்கி வைங்க" என்றார். உன் பெயர் மட்டும். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், அந்த வருடம் உனக்கு நிச்சயம். நான் ஆட்டவில்லை. "பி பிரிவு மொத்தமும் போகட்டுங்க. இல்லேன்னா என் பையனும் ஊட்டுலயே கெடக்கட்டும்" என்றேன். "பெத்த புள்ளையப் பணயம் வைக்கிறீங்களே" என்றார். "நான் வைக்கலீங்க. மூட்டைன்னு கட்டிப் போட்டது நீங்க" என்றேன். அந்த நேரத்தில் நான் மற்றப் பிள்ளைகளை நினைத்துத் தியாகம் செய்தேன் என்று நீ எண்ணிக்கொள்ளக் கூடாது. எனக்கு மாதையன் நினைவுக்கு வரவில்லை, நீயும் வரவில்லை. அந்த மனிதர் என்னிடம் முழுசாகத் தோற்க வேண்டும், பாதியாகத் தோற்றால் போதாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள், சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன்னிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். நான் இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பவும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

அவர் பெயர்களை அனுப்பினார். ஒன்று விடாமல் அனுப்பினார். கையெழுத்துப் போட்ட தாள்களை என் கண் முன்னால் கட்டி, கடைநிலை ஊழியரிடம் கொடுத்து, "போதுமா தமிழய்யா?" என்று கேட்டார். பாட்டு பாடப்படாது என்று நான் வாக்குக் கொடுத்தேன். வகுப்பில் வந்து சொன்னபோது மாதையனுக்குத்தான் தாங்கவில்லை. "இத்தினி நாளு கட்டுனது வீணுங்களா? ஒரு எடத்துலயும் இடிக்கலீங்களே ஐயா" என்று கண் கலங்கினான். பிரம்படிக்கு அழாதவன் அந்த வெண்பாவுக்காக அழுதான். அந்தப் பாட்டை நான் இங்கே எழுத மாட்டேன். நல்ல பாட்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் எழுத மாட்டேன்.

பிரிவு உபசார நாளில் மேடையில் அவரும் ஆய்வாளரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பி பிரிவின் சார்பில் நன்றிப் பாட்டு என்று அறிவித்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நானும் பயந்துதான் போனேன். மாதையனும் நீயும் மேடையேறுவதைப் பார்த்ததும், நான் கொடுத்த வாக்கை மீறப்போகிறீர்கள் என்றே நினைத்தேன். மீறினால் மீறட்டும் என்றும் ஒரு மூலையில் தோன்றியது. ஆனால் நீங்கள் பாடியது எனக்கே தெரியாத பாட்டு.

நூறாண்டு வாழ்வீர் நலமாக நோயின்றி;
தேறாதார் என்றெம்மைத் தள்ளினீர் – வேறென்ன
கேட்போம்யாம் உம்மிடத்தில்? கேடின்றிக் கண்திறந்து
மூட்டையெலாம் முன்னேறக் கண்டு.

முதல் வரியில் அவர் முகம் மலர்ந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். கடைசி வரியில் அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. ஆய்வாளருக்குப் பாட்டு பிடித்துப்போய், "பலே, பலே! மூட்டைன்னா யாருப்பா?" என்று கேட்டார். மாதையன் ஒலிபெருக்கியிலேயே, "நாங்கதானுங்க. சார் வச்ச பேருங்க" என்றான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் எத்தனையோ புலவர்களைப் படித்துவிட்டு, அவர் சாகட்டும் என்று பாடச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும், சாகக் கூடாது, இருந்து பார்க்க வேண்டும் என்று பாடினீர்கள். என்னைவிட நீங்கள் பொல்லாதவர்கள். அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்து வந்த பெருமை, நீ வேலைக்குப் போன அன்றும் வரவில்லை.

பி பிரிவில் ஒருவன் விடாமல் தமிழில் தேறினீர்கள். தவறியவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் தவறினார்கள், அவர் நடத்திய பாடத்தில். அதுவும் எனக்கு இனித்தது. அவர்களும் அடுத்த முறை எழுதித் தேறினார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன், உனக்கும் இது புதிதாகத்தான் இருக்கும். பி பிரிவில் யாருக்கு வேலை கிடைத்தாலும், யார் வீடு கட்டினாலும், அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்ற அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். மாதையனுக்குக் கரண்ட் ஆபீசில் வேலை கிடைத்தபோது போனேன். கம்பைநல்லூரில் ஒருவன் மண்டிக்கடை வைத்தபோது போனேன். மரியாதையாகக் கும்பிட்டு, "நம்ம மூட்டை ஒண்ணு முன்னுக்கு வந்துருச்சுங்க" என்று சொல்லுவேன். ஊரில் என்னை நன்றியுள்ள மனிதன் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உன் வேலை உத்தரவைச் சொல்லப் போன மாதம் அவர் படுக்கையில் இருந்தார். மனைவி போய்விட்டாள், கூடப் பிறந்தவர்கள் போய்விட்டார்கள், மகன் பெங்களூரில். வேலைக்கு வருகிற ஒரு அம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். முதுகெல்லாம் புண். நான் மைசூர்பாகை வைத்துவிட்டு உன் பெயரைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தமிழய்யா, உங்க பையன்கிட்டச் சொல்லுங்க. அந்த மாதையன்கிட்டயும் சொல்லுங்க. அந்தப் பாட்டுதான் என்னைய வுடாமப் புடிச்சு வச்சிருக்குது. போதும்னு ஒண்ணு எழுதி வந்து பாடச் சொல்லுங்க. நான் போயிடறேன்" என்றார். செய்யுளால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வாய். "சொல்லிப் பாக்கறேங்க" என்றேன். இரக்கம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. அவர் வீட்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் இருந்தது.

அவர் கேட்டதை உன்னிடம் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு, சேர்த்துவிட்டேன். மாதையனுக்கும் எழுதத்தான் போகிறேன். அவன் என்ன நினைக்கிறான் என்பது அவன் பாடு. நீ எழுதாதே. உன் வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பயல்களை எழுப்பு, பாடச் சொல்லிக் கொடு, பரீட்சை எழுத வை. அவர்களில் எவனாவது தேறினால் உடனே எனக்கு ஒரு வரி போடு. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.